சைனாடவுன் வார்ஸ்: பாராட்டுப் பெற்றும் விலைபோகாத விளையாட்டு

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சைனாடவுன் வார்ஸ் என்பது நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக 2009 மார்ச் மாதம் வெளிவந்த வீடியோ விளையாட்டு. இதனை ராக்ஸ்டார் லீட்ஸ், ராக்ஸ்டார் நார்த் ஆகிய இரு பிரித்தானியக் கூடங்கள் சேர்ந்து உருவாக்கின. சுருக்கமாக ஜிடிஏ எனப்படும் இத்தொடர் உலகிலேயே மிக அதிகமாக விற்கும் விளையாட்டுத் தொடர்களுள் ஒன்று. டிஎஸ் கருவியும் வெளியீட்டு மாதத்திலேயே உலக அளவில் 10 கோடி என்ற எண்ணிக்கையை எட்டியிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது பெரும் விற்பனை எதிர்பார்க்கப்பட்டது. அது நடக்கவில்லை.

இந்தத் தோல்வியைக் காட்டி, "ஜிடிஏ போன்ற பெரிய விளையாட்டு கையடக்கக் கருவிக்குப் பொருந்தாது" என்று சொல்லப்படுவதுண்டு. அந்த முடிவு சரியானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விற்பனையும் மதிப்பெண்ணும்

அமெரிக்காவில் 2009 மார்ச் 17 அன்று விளையாட்டு கடைகளுக்கு வந்தது. அம்மாத இறுதிவரை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களில், அங்கு விற்றவை 90,000 படிகளுக்கும் குறைவு. அதே மாதம் 22 ஆம் நாள், அதே கருவிக்கு வந்த போக்கிமான் பிளாட்டினம் அம்மாதத்திலேயே 8 லட்சம் படிகளைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன், 2008 ஏப்ரலில், வீட்டுக் கருவிகளுக்கு வந்த ஜிடிஏ 4 உலகெங்கும் முதல் வாரத்தில் 60 லட்சம் படிகள் விற்றிருந்தது.

இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. 90,000 என்பது ஒரு நாட்டுக்கும் இரண்டு வாரத்துக்கும் மட்டும் உரிய எண். டிஎஸ் விளையாட்டுகள் பல, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விற்பவை. ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து விளையாட்டின் முழு வாழ்நாளையும் அளக்க முடியாது. ஆனால் ஜிடிஏ என்ற பெயர் முதல் நாளிலேயே கடைவாசலில் வரிசையை உண்டாக்கும் பெயர். அந்த வரிசை இம்முறை உருவாகவில்லை என்பதைச் சொல்ல இந்த எண் போதும்.

மறுபுறம், விமர்சகர்கள் இதனை ஒருமித்துப் பாராட்டினர். மதிப்புரைகளைத் தொகுத்துச் சராசரி காணும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதன் மதிப்பெண் 100-க்கு 93. டிஎஸ் கருவிக்கு வந்த விளையாட்டுகளில் இதுவே அத்தளத்தில் முதலிடம் பெற்றது. ஆகவே, தரம் குறைவு என்பதால் விற்கவில்லை என்ற விளக்கம் தொடக்கத்திலேயே நீங்கிவிடுகிறது.

தொடரின் கையடக்க வரலாறு

சைனாடவுன் வார்ஸ் இத்தொடரின் முதல் கையடக்க முயற்சி அன்று. 1999-இல் முதல் ஜிடிஏ, கேம்பாய் கலர் கருவிக்கு மாற்றப்பட்டது. இளையோர் கையில் இருக்கும் கருவி என்பதால் அதன் வன்முறையும் வசைச்சொற்களும் குறைக்கப்பட்டன. 2004-இல் கேம்பாய் அட்வான்சுக்கு ஒரு ஜிடிஏ வந்தது. அது வெளியான அக்டோபர் 26 அன்றே பிளேஸ்டேஷன் 2-க்கு சான் ஆண்ட்ரியாஸ் வந்தது. ஒரே நாளில் பெரிய விளையாட்டும் அதன் நிழலும் கடைக்கு வந்தால் எதை வாங்குவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், அதாவது பிஎஸ்பி, வந்தது. 2005 அக்டோபரில் அதற்காக வெளிவந்த லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் அந்தக் கருவியிலேயே அதிகம் விற்ற விளையாட்டாக ஆனது. 2006-இல் வந்த வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் அந்த அளவுக்கு விற்காவிட்டாலும் பிஎஸ்பியில் நன்கு விற்றவற்றுள் ஒன்று. இரண்டையும் செய்தது ராக்ஸ்டார் லீட்ஸ். சைனாடவுன் வார்ஸைச் செய்ததும் அதே கூடம்தான்.

எனவே, கையடக்கக் கருவியில் ஜிடிஏ விற்காது என்பது பொதுவிதி ஆகாது. ஒரே தொடர், ஒரே கூடம், நான்கு ஆண்டு இடைவெளி. முதலாவது மாபெரும் வெற்றி, மூன்றாவது சரிவு. விளக்கம் வேண்டுவது இந்த வேறுபாட்டுக்குத்தான்.

விளையாட்டின் அமைப்பு

கதை எளியது. ஹுவாங் லீ என்னும் சீன இளைஞன், கொலையுண்ட தந்தையின் குடும்ப வாளைத் தன் சிற்றப்பனிடம் ஒப்படைக்க லிபர்ட்டி சிட்டிக்கு வருகிறான். வந்த இடத்தில் அவனைச் சுடுகிறார்கள். வாளைப் பறித்துக்கொண்டு, அவனைக் காரோடு நீரில் தள்ளுகிறார்கள். மூழ்கும் காரின் கண்ணாடியை, ஸ்டைலஸ் எனப்படும் சிறு கோலால் திரையில் குத்தி உடைத்து ஆடுபவர் வெளியே வர வேண்டும். விளையாட்டு தொடங்கிச் சில நிமிடங்களிலேயே தொடுதிரைக்கு வேலை வந்துவிடுகிறது.

பின்னரும் அப்படியே. நிறுத்தி வைத்த காரைத் திருட, அதன் வகைக்கேற்ப, சாவித்துளையில் திருப்புளியைத் திருகவோ கம்பிகளை முறுக்கவோ வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் குப்பிகளை நிரப்பி எரிகுண்டு செய்ய வேண்டும். குப்பைத் தொட்டிகளைக் கையால் கிளறித் தேட வேண்டும். ஒவ்வொன்றும் சில நொடி வேலை. வரைபடம், மின்னஞ்சல், வழிகாட்டி எல்லாம் கீழ்த்திரையில். ஓட்டமும் சண்டையும் மேல்திரையில்.

காவலரிடமிருந்து தப்பும் முறையும் மாற்றப்பட்டுள்ளது. வீட்டுக் கருவி விளையாட்டில் துரத்தும் காவலரின் கண்ணில் படாமல் நெடுந்தொலைவு ஓட வேண்டும். இங்கு, துரத்தும் காவல் வண்டிகளை மோதவைத்துச் செயலிழக்கச் செய்தால் தேடப்படும் நிலை படிப்படியாகக் குறையும். துரத்தல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பேருந்துப் பயணத்தின் நடுவே ஆடுபவரை நினைத்துச் செய்த மாற்றம் இது.

பார்வைக் கோணமும் வேறு. 2001-இல் வந்த ஜிடிஏ 3 முதல், நாயகனின் முதுகுக்குப் பின்னிருந்து தெருவைப் பார்ப்பதே இத்தொடரின் முறை. சைனாடவுன் வார்ஸ் நகரத்தை மேலிருந்து, சாய்வான கோணத்தில் காட்டுகிறது. உருவங்களுக்குச் சித்திரக்கதை போலக் கறுப்பு வெளிக்கோடு. கதைக் காட்சிகளில் குரல் இல்லை. அசையாத படங்களும் எழுத்தும் மட்டுமே. டிஎஸ் கருவியின் முதன்மை நினைவகம் 4 மெகாபைட்; ஒவ்வொரு திரையும் 256-க்கு 192 புள்ளிகள். இந்த எல்லைக்குள், ஜிடிஏ 4-இன் லிபர்ட்டி சிட்டியில் ஆல்டர்னி தவிர்த்த பகுதிகள் முழுவதையும் தடையின்றிச் சுற்றிவரும்படி அமைத்தது தொழில்நுட்ப அளவில் பெரிய செயல்.

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள்

முதல் காரணம் திருட்டு நகல். அக்காலத்தில் ஆர்4 போன்ற அட்டைகள் வழியாக டிஎஸ் விளையாட்டுகளை விலையின்றி ஆடுவது பரவியிருந்தது. நின்டெண்டோவும் பல விளையாட்டு நிறுவனங்களும் தொடுத்த வழக்கில், 2009 பிப்ரவரியில் டோக்கியோ நீதிமன்றம் அவ்வட்டைகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனால் இக்காரணம் முழு விளக்கம் ஆகாது. அதே அட்டையில் போக்கிமானையும் ஏற்றலாம். போக்கிமான் 8 லட்சம் விற்றது. பிஎஸ்பியிலும் திருட்டு நகல் குறைவில்லை. லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் அங்கு முதலிடம் பெற்றது.

இரண்டாவது காரணம் கருவியை வைத்திருந்தவர்கள் யார் என்பது. டிஎஸ் கருவியைப் பரப்பியவை நாய்க்குட்டி வளர்க்கும் நின்டெண்டாக்ஸ், மூளைப் பயிற்சி தரும் பிரெயின் ஏஜ், மாரியோ, போக்கிமான் ஆகியவை. பல வீடுகளில் பெற்றோர் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கருவி அது. சைனாடவுன் வார்ஸோ 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை இடப்பட்டது, ஐரோப்பாவில் 18. பிள்ளையின் கருவிக்குப் போதைப்பொருள் வணிகம் உள்ள விளையாட்டைப் பெற்றோர் வாங்கித் தரமாட்டார்கள். வாங்கித் தரவும் கூடாது. அதே மாதம் நின்டெண்டோவின் வீட்டுக் கருவியான வீ-க்கு வந்த மேட்வேர்ல்ட் என்னும் வன்முறை விளையாட்டும் அமெரிக்காவில் 70,000 படிகளை எட்டவில்லை. ஆகவே இக்காரணத்தில் வலு உண்டு.

ஆனால் இதுவும் பாதி விளக்கமே. 2009 அக்டோபரில் சைனாடவுன் வார்ஸ் பிஎஸ்பிக்கும் வந்தது. லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸை அள்ளி வாங்கிய அதே கூட்டம் அங்கு இருந்தது. வரைகலை மேம்பட்டது, புதிய பணிகளும் வானொலி நிலையங்களும் சேர்க்கப்பட்டன. அங்கும் பழைய வரவேற்பு திரும்பவில்லை. கருவி வைத்திருந்தவர்களின் வயது மட்டுமே தடை என்றால் பிஎஸ்பியில் அத்தடை நீங்கியிருக்க வேண்டும்.

பெயர் தந்த வாக்கு

விடுபட்ட காரணம் தொடரின் பெயரிலேயே இருக்கிறது. ஜிடிஏ என்ற பெயரைப் பார்த்து வாங்குபவர் ஒரு நகரத்தை எதிர்பார்க்கிறார். வேலையில்லாமல் வண்டியில் சுற்றலாம்; வானொலியில் பாட்டும் பேச்சும் கேட்கலாம்; பாலத்தின் மேலிருந்து மாலை வெயிலைப் பார்க்கலாம். பணிகளை முடிப்பது அதில் ஒரு பகுதிதான்.

லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் இந்த எதிர்பார்ப்பைக் காப்பாற்றியது. ஜிடிஏ 3-இல் வீட்டுத் திரையில் பார்த்த நகரம், அதே பின்னிருந்து பார்க்கும் கோணத்தில், வானொலியோடு கைக்குள் வந்தது. 2005-இல் 250 டாலர் கொடுத்து பிஎஸ்பி வாங்கியவருக்கு, தன் கருவி எவ்வளவு வல்லது என்று நண்பரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை. அது கையடக்கக் கருவிக்காகச் சிந்திக்கப்பட்ட விளையாட்டு என்பதைவிட, வீட்டு விளையாட்டை எவ்வளவு தூரம் சுருக்க முடியும் என்பதன் காட்சி. வாங்கியவர்கள் விரும்பியதும் அதைத்தான்.

சைனாடவுன் வார்ஸ் எதிர்த் திசையில் சென்றது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் தொடுவானம் இல்லை. டிஎஸ் பதிப்பின் வானொலியில் இசைக்கருவி இசை மட்டுமே, பேச்சு இல்லை. தொடரின் ரசிகர் கண்ணும் காதும் தேடிய இரண்டும் இல்லாமல் போயின. அவற்றுக்கு ஈடாகக் கிடைத்த நொடி நேர வேலைகளும் விரைவான துரத்தல்களும் ஆடிப் பார்த்தால் மட்டுமே தெரியும். கடை அலமாரியில் அட்டைப் படம் பார்ப்பவருக்குத் தெரிந்தது, பத்தாண்டுக்கு முந்தைய ஜிடிஏ போன்ற ஒரு தோற்றம். முன்னேறிச் சென்ற விளையாட்டு, பின்னோக்கிச் சென்றது போலத் தெரிந்தது.

இலக்கியத்தில் இதற்கு ஒப்புமை உண்டு. புகழ்பெற்ற புதினத்தைப் பாதியாகச் சுருக்கி வெளியிடலாம்; அதே ஆசிரியர் ஒரு சிறுகதையும் எழுதலாம். சுருக்கப் பதிப்புக்கு மூல நூலின் பெயரே விற்பனை தேடித் தரும். சிறுகதை தன் வடிவத்துக்காகவே படிக்கப்பட வேண்டியது. சிறுகதையின் அட்டையில் புதினத்தின் பெயரை அச்சிட்டால், புதினம் தேடி வந்தவர் ஏமாறுவார். சிறுகதை விரும்புபவர் அது தனக்குரியது என்று அறியாமல் கடந்துபோவார். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் சுருக்கப் பதிப்பு. சைனாடவுன் வார்ஸ் சிறுகதை.

காத்திருக்கப் பழக்கிய வெளியீட்டு முறை

வெளியீட்டு நிறுவனத்தின் பங்கும் இதில் உண்டு. 2005 அக்டோபரில் பிஎஸ்பியில் வந்த லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், 2006 ஜூனில் பிளேஸ்டேஷன் 2-க்கு 20 டாலர் விலையில் வந்துவிட்டது. வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் ஐந்தே மாதத்தில் அவ்வாறு வந்தது. கையடக்கப் பதிப்பை உடனே வாங்க வேண்டியதில்லை, காத்திருந்தால் வேறு கருவியில் மலிவாகக் கிடைக்கும் என்ற பாடத்தை வாடிக்கையாளர் இவ்வாறு கற்றார்.

சைனாடவுன் வார்ஸ் அப்பாடத்தை மெய்ப்பித்தது. மார்ச்சில் டிஎஸ், அக்டோபரில் பிஎஸ்பி, 2010 ஜனவரியில் ஐபோன். பத்து மாதத்தில் மூன்று கருவிகள். ஐபோனில் விலை 10 டாலருக்குள் இறங்கிவிட்டது. இத்தனை இடமாற்றத்தில் விளையாட்டின் உயிரும் தேய்ந்தது. தொடுதிரை இல்லாத பிஎஸ்பியில், கம்பி முறுக்கும் வேலை பொத்தான் அழுத்தும் வேலையாயிற்று. ஐபோனில் தொடுதிரை திரும்பக் கிடைத்தது. ஆனால் வண்டி ஓட்டத் தேவையான உண்மைப் பொத்தான்கள் இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தது டிஎஸ்ஸில் மட்டுமே. விளையாட்டு எந்தக் கருவிக்காகப் பிறந்ததோ அங்கேதான் அது முழுமையாக இருந்தது.

விளையாட்டின் குறைகள்

விற்காத படைப்பு என்பதற்காக அதன் குறைகளை மறைக்கக் கூடாது. கதை மெலிந்தது. பேராசை கொண்ட கும்பல் தலைவர்கள், ஊழல் காவலர், பழிவாங்கும் மகன் என எல்லாரும் பழகிய வார்ப்புகள். சீனக் குடியேறிகளின் உண்மை வாழ்வு எதுவும் இதில் இல்லை. ஆங்கிலத் திரைப்படங்கள் காட்டும் சைனாடவுன்தான் இருக்கிறது. ஹுவாங் கிண்டலாகப் பேசுவதால் அந்த வார்ப்பு உடைந்துவிடுவதில்லை.

போதைப்பொருள் வணிகம் கடுமையாக விவாதிக்கப்பட வேண்டிய பகுதி. ஆறு வகைச் சரக்கை ஒரு பகுதியில் மலிவாக வாங்கி, தேவை உள்ள மற்றொரு பகுதியில் விற்க வேண்டும். விளையாட்டின் விதி என்ற அளவில் இது மிகக் கூர்மையானது. ஆடுபவர் நகரின் ஒவ்வொரு மூலையையும் நினைவில் கொள்ள வைக்கிறது. ஆனால் அச்சரக்கை வாங்கிப் பயன்படுத்தும் மனிதர் யார், அவர் என்ன ஆனார் என்பது எங்கும் காட்டப்படுவதில்லை. சந்தையின் கணக்கு மட்டும் இருக்கிறது. அதன் இறுதிப் பயன் இல்லை. வயது வந்தவர் இதை நையாண்டி என்று பிரித்தறியக்கூடும். சிறுவரிடம் அதை எதிர்பார்க்க இயலாது. வயது முத்திரை விற்பனையைக் குறைத்தது என்றால், அந்த அளவுக்கு முத்திரை தன் வேலையைச் செய்தது என்றே கொள்ள வேண்டும்.

தோல்வியின் விளைவு

சைனாடவுன் வார்ஸுக்குப் பிறகு கையடக்கக் கருவிக்கென்றே புதிதாக உருவாக்கப்பட்ட ஜிடிஏ எதுவும் வரவில்லை. பழைய வீட்டு விளையாட்டுகளின் மாற்றுப் பதிப்புகளே வந்தன. 2021 நவம்பரில் நின்டெண்டோ ஸ்விட்ச் உள்ளிட்ட கருவிகளுக்கு வந்த மூன்று விளையாட்டுத் தொகுப்பு அதற்குச் சான்று. ஏராளமான பிழைகளுடன் வெளிவந்த அதற்காக ராக்ஸ்டார் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கையடக்கக் கருவிக்கெனச் சிந்திப்பதை விட்டு, இருப்பதைக் கொண்டுவந்து இறக்கும் பழைய வழிக்கே தொடர் திரும்பிவிட்டது.

2009-இன் விற்பனை எண் காட்டியது, இந்தப் பெயரும் இந்த வடிவமும் இந்தக் கூட்டமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை மட்டுமே. கையடக்கக் கருவியில் இத்தகைய விளையாட்டு இயலாது என்பதை அது காட்டவில்லை. இயலும் என்பதற்கு அந்த விளையாட்டே சான்றாக இருந்தது. அது வேறு பெயரில் வந்திருந்தால் ஒருவேளை இன்னும் குறைவாகவே விற்றிருக்கலாம். ஆனால் எதிர்பார்ப்பு சிறியதாக இருந்திருக்கும், தோல்வி என்ற சொல்லும் எழுந்திருக்காது, அடுத்த முயற்சிக்கு வழியும் அடைபட்டிருக்காது.

மதிப்பீடு

ஜிடிஏ வரிசையில் சைனாடவுன் வார்ஸ் மிகச் சிறந்த கதை கொண்டதன்று. மிகப் பெரிய நகரம் கொண்டதுமன்று. கையில் பிடிக்கும் கருவியில், கிடைக்கும் பத்து நிமிடத்தில், ஒரு முழு நகரத்தை எப்படி ஆடுவது என்ற கேள்விக்கு அத்தொடர் தந்த நேர்மையான ஒரே விடை அது. வயது வந்த வாசகர் இதனை ஆடிப் பார்க்க விரும்பினால், பின்னாளில் வந்த கைபேசிப் பதிப்புகளைவிட டிஎஸ் பதிப்பையே தேடிப் பெறுவது நல்லது. இரு திரையும் சிறு கோலும் இருக்கும் இடத்தில்தான் விமர்சகர்கள் அன்று எதைப் பாராட்டினார்கள் என்பது விளங்கும்.